கத்திரி வெயிலில் ஹீட்டர்

ஏறுங்கள் சார், வேலூர்தானே? நானும் அங்கேதான். இந்த வாணியம்பாடி நிறுத்தத்தில் இன்னும் கால் மணி நின்றிருந்தால் உங்களைப் பொரித்தே எடுத்திருப்பார்கள். கதவை ஓங்கிச் சாத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஓங்கி. ஆங், அவ்வளவுதான். பையைக் காலடியில் வைக்க வேண்டாம், பின்சீட்டில் போட்டுவிடுங்கள். காலையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வருகிறது.

என்ன வருகிறதா? அனல். ஹீட்டர் போட்டிருக்கிறது.

பதறாதீர்கள். இது மே மாதம் என்று எனக்குத் தெரியும். கத்திரி தொடங்கி இன்று எட்டாம் நாள் என்பதும் தெரியும். கண்ணாடியை முழுக்க இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியாகிவிட்டதா? அப்படியென்றால் செய்யக்கூடியதெல்லாம் செய்தாகிவிட்டது. இந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமானதுதான்.

அதோ, லாரியைத் தாண்டிப் போகிறதே வெள்ளைக் கார், பார்த்தீர்களா? கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருக்கும். ஏ.சி. அதில் என் மனைவி சுலோசனா இருக்கிறாள், என் மகள் பூங்கோதை இருக்கிறாள், ஓட்டுவது மாப்பிள்ளை லோகேஷ். இன்று காலை ஏலகிரியில், மாப்பிள்ளை வீட்டில், கோதைக்கு வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டார் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். எதில்? பிறந்த வீட்டு வண்டியில். பிறந்த வீட்டு வண்டி எது? நீங்கள் உட்கார்ந்திருப்பது. அவள் முதுகுக்கென்று தலையணைகூட வைத்திருந்தேன். இப்போது அதில் நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கை காட்டினீர்கள், நிறுத்தினேன்.

வேலூரில் எங்கள் எதிர்வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருப்பார். தெருவே வாசலில் நிற்கும். அவர்கள் என்ன பார்க்கப் போகிறார்கள்? என் மகள் சம்பந்தி வீட்டுக் காரில் வந்து இறங்குவதை. பின்னாலேயே நான் தனியாக, தொப்பலாக நனைந்து வந்து இறங்குவதை. இதுதான் என் கஷ்டம். மற்றபடி கார் அருமையாக ஓடுகிறது.

என் பெயர் மாசிலாமணி. பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் வெப்ப இயக்கவியல் நடத்தியவன். இந்த மாவட்டத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் என்னிடம் படித்தவன் ஒருவன் இருப்பான். என்னைப் பார்த்ததும் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவான். மரியாதை.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோதைக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வரதராஜுலு ஏலகிரியில் லாட்ஜ் வைத்திருக்கிறார், ஹால் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். இதே காரில் போனோம். எண்ணூறு சி.சி., மூன்று சிலிண்டர். உள்ளே நான், சுலோசனா, கோதை, புரோகிதர், நான்கு தட்டு பழம், ஒரு குத்துவிளக்கு. மலைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவதில் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. குத்துவிளக்கு ஐந்தடி.

நானும் சுலோசனாவும் புரோகிதரும் இறங்கித் தள்ளினோம். பட்டுப்புடவை கசங்கக் கூடாது என்று கல்யாணப் பெண்ணை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தோம். பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. சம்பந்தி. தலையை வெளியே நீட்டி, “சம்பந்தி, கயிறு போட்டு இழுக்கட்டுமா?” என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் பெண் வீட்டார் கயிற்றில் வந்து சேர்ந்தோம் சார். வீடியோவில் இருக்கிறது. வீடியோக்காரன் அந்த இடத்துக்கு நாதஸ்வரம் வேறு போட்டிருக்கிறான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இன்னொரு முறை இந்த மலையில் ஏறினால் கயிறு இல்லாமல் ஏறுவேன். புதுக் கார் வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். புதுக் காரில் ஏறினால் அது காரின் பெருமை. இதே காரில் ஏறினால்தான் என் பெருமை.

டர்போ என்றால் தெரியுமா? தலையாட்டுகிறீர்கள். எல்லோரும் ஆட்டுவார்கள். எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிறதல்லவா? சும்மா போகிற அந்தப் புகையை ஒரு சக்கரத்தின் மேல் அடிக்க விடுகிறோம். அது சுற்றும்போது அதே அச்சில் இன்னொரு சக்கரமும் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிறையக் காற்று, நிறையப் பெட்ரோல், நிறைய பலம். ஒரே ஒரு தொந்தரவு. அழுத்தப்பட்ட காற்று கொதிக்கும். சக்கரம் சிவக்கும். எஞ்சின் ஜுரம் வந்த மாதிரி ஆகிவிடும்.

வேலூர் கஸ்பாவில் ஜப்பார் பாய் என்று ஒரு மெக்கானிக். என்னிடம் படிக்காதவர், அதனால் வண்டிக்கு அடியில் ஒளியாமல் நின்று பேசுவார். விபத்தில் நொறுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து டர்போவைக் கழற்றி, இந்தப் பங்குனியில் எனக்கு மாட்டிக் கொடுத்தார். மாட்டும்போதே சொன்னார், “சார், இதை வெச்சா சூடு ஏறும். பெரிய ரேடியேட்டர் போடணும். உள்ள போற காத்தை ஆறவெக்க ஒரு இன்டர்கூலர் போடணும். ஃபேன் இன்னொண்ணு போடணும்.”

“பாய், சூடு ஏறும்னு சொல்லாதீங்க. வெப்பம் உண்டாகும், அதனால வெப்பநிலை உயரும்.”

“சரி சார், வெப்பநிலை உயரும். பெரிய ரேடியேட்டர் போடணும்.”

வெப்பத்தைப் பற்றி எனக்கே பாடமா? நான் வேறு வழி வைத்திருந்தேன். வெட்டிவேர் தட்டி. அந்தக் காலத்து ஆபீஸ்களில் ஜன்னலுக்குக் கட்டித் தண்ணீர் தெளிப்பார்களே, அது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், காற்று குளிரும். அதை அளவாக வெட்டி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினேன். ஓடுகிற வண்டியில் யார் தண்ணீர் தெளிப்பது? மருந்துக் கடையில் ஒரு சலைன் பாட்டிலும் டியூபும் வாங்கினேன். பானெட்டில் ஒரு கம்பியை நட்டுப் பாட்டிலைத் தொங்கவிட்டேன். நிமிடத்துக்கு அறுபது சொட்டு. மேட்டில் எண்பது.

வண்டி வெட்டிவேர் வாசனையோடு போகும் சார். சிக்னலில் ஒரு அம்மா ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, “ஐயோ பாவம், யாருக்கு?” என்று கேட்டார். காருக்கு என்றேன். அவர் டிரைவரிடம் சீக்கிரம் போகச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கி வழிகூட விட்டார்.

ஆனால் எஞ்சின் வெப்பநிலையைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. போன வேகத்தைப் பார்த்து நானே கொஞ்சம் அசந்துபோனேன். ஜப்பார் பாய் வந்து பார்த்துவிட்டு, “சார், இந்தத் தட்டி காத்தை அடைக்குது. புடுங்கிப் போட்டுடுங்க” என்றார்.

“இல்ல பாய், குளிர்ந்த காத்து உள்ள போகுதுங்கறதுதான் இதுல தத்துவம்.”

“தத்துவம் உள்ள போகுது சார். காத்து போகல.”

நல்ல மனிதர். படிப்பு இல்லை.

பிறகு ஒருநாள் காட்பாடி மேம்பாலத்தில் பானெட்டிலிருந்து ஆவி. போன் போட்டேன். அவர், “ஓரம் கட்டற வரைக்கும் ஹீட்டரை ஃபுல்லா திறந்து விடுங்க சார், எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளாற வந்துடும்” என்றார். திறந்தேன். முள் இறங்கியது! கண் முன்னால் இறங்கியது. அவர் அதை அவசரத்துக்கு ஒரு கைவைத்தியமாகச் சொன்னார், பாவம். அதற்குள் இருந்த கொள்கை அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஹீட்டரை நான் அணைக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். வெப்பம் அழியாது, இடம்தான் மாறும். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியது. எஞ்சினில் தங்கினால் எஞ்சின் போய்விடும். நம்மிடம் வந்தால் நமக்கு வியர்க்கும், அவ்வளவுதானே? எஞ்சினுக்கு வியர்க்கத் தெரியாது சார். மனிதனுக்குத் தெரியும். அப்படியானால் இரண்டு பேரில் யார் வாங்கிக்கொள்வது நியாயம்?

துடைத்துக்கொள்ளுங்கள், துடைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் போனால் எரியும்.

இதைத்தான் சுலோசனாவுக்கும் விளக்கினேன். மனித உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை விடும், நான்கு பேர் ஏறினால் நான்கு லிட்டர் என்று கணக்குப் போட்டே காட்டினேன். அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் உங்களோட குடும்பம் நடத்துனதுக்கு நான் என்ன ரேடியேட்டரா?” என்றாள்.

“ரேடியேட்டரைவிட நீ எவ்வளவோ மேல், சுலோ” என்றேன். மனதாரச் சொன்னேன். அதற்கு ஏன் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள் என்று இன்னும் விளங்கவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். நானும் சுலோசனாவும். பின்சீட்டில் ஐந்து வகைச் சாதம். நீங்கள் கால் வைத்திருக்கிற இடத்தில் வளையல் தட்டு, ஆடாமல் இருக்கும் என்று அங்கே வைத்தேன். சுலோசனா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கிக்கொண்டாள். மலை ஏறினோம். ஐந்தாவது வளைவு. சார், அந்த ஐந்தாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. டர்போ விசில் அடித்தது. ஒரு பால் வண்டியைத் தாண்டினேன். மொத்தம் பத்தொன்பது நிமிடம். “சுலோ, பார்த்தியா?” என்று கேட்டேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். பிரமிப்பு.

சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். தோளில் கயிறு எதுவும் இல்லை. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். பானெட்டிலிருந்து கொஞ்சம் ஆவி வந்துகொண்டிருந்தது. பாட்டில் காலியாகியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “யாருக்கு சம்பந்தி ஒடம்பு சரியில்ல?” என்றார். சுலோசனா இறங்கி, அவர்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் பட்டுப்புடவையோடு போய் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மா பயந்துபோய், “ஏதாச்சும் வேண்டுதலா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். குடும்ப விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது.

சாதத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள் சார். கீழேயிருந்து கொண்டுவந்தது இப்படி ஆவி பறக்கிறதே என்றார்கள். தயிர் சாதம் மட்டும் வழியிலேயே வேறு எதுவோ ஆகிவிட்டது. நாலு வகை மிச்சம் இருந்ததே, அது போதாதா?

பிறகு வளையல். கோதையை மணையில் உட்கார வைத்தார்கள். பச்சைப் பட்டு, கன்னத்தில் சந்தனம். வயதில் மூத்த சுமங்கலி ஒருவர் தட்டிலிருந்து முதல் வளையலை எடுத்தார். எடுத்த கையோடு, “அம்மாடி!” என்று கீழே விட்டார். நெய் தொட்டு, முந்தானையால் பிடித்து ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கோதை கையை உதறிக்கொண்டு என் பக்கம் பார்த்து, “அப்பா, வளையலுக்குமா டர்போ போட்டீங்க?” என்றாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அந்தத் தட்டை மின்விசிறிக்கு அடியில் வைத்துக் கால் மணி காத்திருந்தார்கள். நல்ல நேரம் போய்விடும் என்று புரோகிதர் முணுமுணுத்தார். அவருக்கு என் மேல் பழைய கோபம்.

ஆம்பூர் வந்துவிட்டது. அந்தப் பிரியாணிக் கடை வாசலைப் பாருங்கள். அண்டாவுக்கு மூடி போட்டு, மூடி மேல் கரியைக் கொட்டித் தம் வைத்திருக்கிறார்கள். நம் நிலைமைதான். சிரியுங்கள், பரவாயில்லை.

என்ன, இங்கேயே இறங்கிக்கொள்கிறீர்களா? வேலூர் என்றீர்களே! இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது. இல்லை, பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது. இறங்கியதும் பார்க்கலாம். சொல்ல வந்ததைக் கேளுங்கள்.

புறப்படுகிற நேரம். எங்கே என் தட்டி? ரேடியேட்டருக்கு முன்னால் தட்டியும் இல்லை, கம்பியில் பாட்டிலும் இல்லை. மாப்பிள்ளை வந்து, “தட்டி ரொம்ப ஈரமா இருந்துச்சு மாமா. காயட்டும்னு மாடில போட்டிருக்கேன், அப்புறமா கொண்டாந்து குடுக்கறேன்” என்றார். ஈரமாக இருப்பதுதானே அதன் வேலை? நல்ல பையன்தான். கணினி படித்தவர்.

எல்லோரும் கோதையை வெள்ளைக் காரில் ஏறச் சொன்னார்கள். ஒன்பதாம் மாதம், இந்த வெயில், ஏ.சி. இருக்கிறது என்றார்கள். சுலோசனா ஏற்கெனவே அதில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கோதை என்ன சொன்னாள் தெரியுமா? “நான் அப்பா வண்டியிலதான் போவேன்.” கவனியுங்கள், நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். வந்து இதே சீட்டில் உட்கார்ந்தாள். நான் தலையணையைச் சரி செய்தேன். சம்பந்தி ஜன்னலில் கை வைத்துக் குனிந்து நின்றார். சுற்றிலும் முப்பது பேர். சாவியைத் திருப்பினேன். ஹீட்டர் வந்தது.

ஒரு நிமிடம் இருக்கும். அவள் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் இறங்கியது. மெதுவாக, யாருக்கும் கேட்காமல்தான் சொன்னாள். “அப்பா, இறங்கும்போது எஞ்சினுக்கு என்ன வேலை இருக்கு? வண்டி தானா உருளப்போகுது. ஹீட்டரை அணைச்சுடுங்களேன்.”

கேள்வி சரியான கேள்வி சார். வகுப்பில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் அங்கே வரதராஜுலு குனிந்து நிற்கிறார். அவர் முன்னால் அணைத்தால் என்ன அர்த்தம்? ஏறும்போது போட்டதும் வீண் என்று ஆகாதா? “அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. பத்து நிமிஷம் பொறுத்துக்கோ, பழகிடும்” என்றேன்.

என்னைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றினாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “நீங்க முன்னால போங்கப்பா” என்றாள். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. இந்தக் கதவை ஓங்கிச் சாத்த வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மெல்லச் சாத்தினாள். ஆறாவது வளைவு வரைக்கும் அது ஆடிக்கொண்டே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வரதராஜுலுகூடச் சிரிக்கவில்லை.

அது போகட்டும். இங்கே பாருங்கள், முள்ளைப் பாருங்கள். சரியாகப் பாதியில் நிற்கிறது. டர்போ மாட்டிய நாளிலிருந்து அது பாதியில் நின்றதே இல்லை. தட்டி இல்லை, பாட்டில் இல்லை, ஹீட்டர் மட்டும்தான். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஹீட்டரின் மகிமை தெரிகிறது. என்ன? தட்டி இல்லாததாலா? நீங்களும் ஜப்பார் பாய் மாதிரிப் பேசுகிறீர்களே. என்ன வேலை பார்க்கிறீர்கள்? தோல் பதனிடும் இடத்தில் சூப்பர்வைசரா? தோலைப் பற்றிச் சொல்லுங்கள் சார், கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

போன் அடிக்கிறது. கொஞ்சம் எடுத்து என் காதில் வையுங்கள். கோதைதான்.

“சொல்லும்மா... வந்துக்கிட்டே இருக்கேன்... இல்ல, தனியா இல்ல, ஒருத்தர் கூட வர்றார்... ஆமா, பாவம்தான்... எங்க? பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னாலயா? எதுக்கு நிக்கறீங்க?... நீயாவா இறங்கின?... அம்மா என்ன சொல்றா?... ம்... ம்... முள்ளு பாதியிலதாம்மா இருக்கு... அதுக்கில்ல... யோசிக்கிறேன்... யோசிக்கிறேன்னுதான சொன்னேன்.”

வைத்துவிட்டாள்.

டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு இளநீர்க் கடை இருக்கிறதாம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாளாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். “நம்ம தெருவுல நான் உங்க வண்டியிலதான்பா வந்து இறங்குவேன். ஆனா ஹீட்டர் போட்டிருந்தா ஏறமாட்டேன்” என்கிறாள். அம்மாவும் வருவாளா என்று கேட்டேன். அம்மா முதலில் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாளாம்.

நான் என்ன செய்வது சார்? கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இரண்டு மாதமாக ஊர் முழுக்க விளக்கியிருக்கிறேன். ஒரு போன் வந்தது என்று அணைத்துவிட்டேன் என்றால்...

அதோ பலகை. டோல்கேட் இரண்டு கிலோமீட்டர்.

நீங்கள் ஏன் பேசாமலே வருகிறீர்கள்? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டதே. மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறதா? இல்லையா? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். லேசாகக்கூட இல்லையா? கண் கொஞ்சம் இருட்டுகிறதா? ஆ, இருட்டுகிறது, இல்லையா? அதைத்தான் கேட்டேன். மயக்கம் வருகிற ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொள்கை பேசுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. உங்கள் வலது கைப் பக்கம் சிவப்பாக ஒரு திருகு இருக்கிறது பாருங்கள். இடது பக்கமாகத் திருப்புங்கள். நான் தொட மாட்டேன், நீங்களே திருப்புங்கள். இன்னும். முழுக்க.

ஆங்.

முள்ளைப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். என்ன, அசையவில்லையா? பார்க்காதீர்கள் என்றுதானே சொன்னேன்.

அதோ இளநீர்க் கடை. வெள்ளைக் கார் நிற்கிறது. பச்சைப் புடவை, பார்த்தீர்களா, எழுந்துவிட்டாள். கையைத் தூக்கிக் காட்டுகிறாள். எவ்வளவு வளையல்! இருங்கள், நீங்கள் எங்கே இறங்கப் பார்க்கிறீர்கள்? பின்சீட்டுக்குப் போய்விடுங்கள், வேலூர் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன். யார் அணைத்தது என்று அவள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லுங்கள்.